சயாம் வழியாகப் பாரிஸ்

மலாக்கா ஊரின் காஜா பேராங் பகுதியில் ராஜரத்தினத்தைப் ‘பாரிஸ்காரர்’ என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அவர் பாரிஸைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் காலத்தில் ஓர் அதிகாரி வீட்டில் ஒயினைக் குடித்துவிட்டுப் பாரிஸ் பயணம் என்று உளறியதற்காக, கழுத்தில் போத்தலோடு சந்தியில் நிறுத்தப்பட்டவர் என்றுதான் ஊரில் பேச்சு. காப்பிக் கடையில் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால் கேட்பவர்களுக்கு நன்றாகப் பொழுது போகும். அவர் காதில் விழுந்துவிட்டாலோ தொலைந்தது. மேசையைத் தட்டி எழுந்து நின்று, “பாதிக் கதைய வச்சிக்கிட்டுப் பல்லக் காட்டாதீங்கடா!” என்பார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. சிரிக்கிறவர்கள் விட்டுவிட்ட அந்த மற்றப் பாதிதான் இது.

மலாக்கா ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ராஜரத்தினம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தார். ரப்பர்த் தோட்டத்துத் துரைமார்கள் நீண்ட லீவில் சீமைக்குப் போகும்போது, எந்தக் கப்பல், எந்த ரயில், எந்த ஊரில் எந்த ஓட்டல் என்று முழுப் பயணத்தையும் ஒழுங்கு செய்வது அவர் வேலை. தாம் பார்க்காத ஐரோப்பாவை, போய் வந்த துரைமார்களின் புகார்களிலிருந்தே அவர் கற்றுக்கொண்டார். மார்செய் துறைமுகத்தில் சுமை தூக்குகிறவன் அதட்டினான் என்று ஒருவர் கத்துவார். லியோனில் ஓட்டல் படிக்கட்டு செங்குத்து, என் மனைவியின் முழங்கால் போய்விட்டது என்று இன்னொருவர் திட்டுவார். எல்லாத் திட்டையும் ராஜரத்தினம் நின்றுகொண்டே வாங்கிக்கொள்வார். அடுத்த துரை போகும்போது படிக்கட்டு இல்லாத ஓட்டலாகப் பார்த்து எழுதிக் கொடுப்பார். நன்றி மானேஜருக்குப் போகும்.

ஒருநாள் கம்பெனியில் புது உத்தரவு வந்தது. நெடுங்காலம் வேலை செய்தவர்கள் குடும்பத்தோடு ஒருமுறை சலுகையில் கப்பல் பயணம் போகலாம். அன்று சாயங்காலம் ராஜரத்தினம் வீட்டுக்கு ஓடாத குறையாக வந்தார்.

“வேணி, எங்கே போகலாம்னு சொல்லு.”

அவர் மனைவி கமலவேணி யோசிக்கவே இல்லை. “திராட்சை கொடியில தொங்குற எடத்துக்கு” என்றாள்.

அவளுக்குத் திராட்சை என்றால் கிறிஸ்துமஸ் சமயத்தில் மரத்தூளில் புதைத்துப் பெட்டியில் வரும் பழம். கணவனின் ஆபீஸ் சுவரில் இருந்த ஒரு ரயில் விளம்பரப் படத்தை அவள் ஒருதரம் பார்த்திருந்தாள். மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி. முதுகில் கூடை கட்டிய பெண்கள். நம் தோட்டத்தில் பெண்கள் பால் மரம் வெட்டப் போகிற மாதிரியே இருக்கிறதே, ஆனால் அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்டாள். நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்றார் ராஜரத்தினம்.

இருவரும் சேர்ந்து வழியை அமைத்தார்கள். கப்பலில் போகும் நாள் போக லீவில் மிச்சம் கொஞ்ச நாள்தான், அதற்குள் முடிய வேண்டும். பினாங்கில் கப்பல். மார்செயில் இறங்கி ஒருநாள். பிறகு ஆற்றங்கரையோடு போகும் ரயிலில் லியோன். அங்கிருந்து டிஜோன். டிஜோனில் தங்கிக்கொண்டு, பஸ்ஸில் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்க வேண்டும். கடைசியில் பாரிஸ். கோபுரம், பெரிய மாதா கோயில், ஆற்றுப் படகு. ஒயின் குடிப்பதா வேண்டாமா என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. “அவ்வளவு தூரம் போய்ட்டு மோந்து பாத்துட்டு வரவா?” என்று கமலவேணிதான் அதை முடித்து வைத்தாள். டிஜோன் என்ற பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து, அவள் வாயில் அது பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது.

மானேஜர் துரை அந்தத் திட்டத்தை முழுவதும் படித்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, சலுகை ஐரோப்பிய ஊழியர்களுக்குத்தான், உன் மாதிரி ஆட்களுக்கு நாகப்பட்டினம் கப்பலில் டெக் டிக்கெட் வேண்டுமானால் பார்க்கலாம் என்றார். அதோடும் விட்டிருக்கலாம். புதிதாகக் கல்யாணமான ஒரு தோட்டத்துத் துரைக்கு அதே திட்டத்தை, ஒரு ஊர்கூட மாற்றாமல், தன்னுடையது என்று சொல்லிக் கொடுத்தார். அந்தத் தம்பதி திரும்பி வந்து ராஜரத்தினத்தின் எதிரிலேயே மானேஜரின் கையைக் குலுக்கியது. அந்தப் பெண்ணின் தொப்பியில் காய்ந்த திராட்சை இலை ஒன்று செருகியிருந்தது.

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?” என்று கமலவேணி கேட்டாள்.

“என்னன்னு சொல்றது?”

“என்னோடதுன்னு சொல்றது!”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வெகுநாள் டிஜோன் என்ற பேச்சே இல்லை.

ஜப்பான்காரன் சண்டை வந்தது. குண்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியதுமே மானேஜர் காரில் நாயை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்குப் பறந்தார். போகிற போக்கில் ஆபீஸ் சாவியை ராஜரத்தினத்தின் கையில் திணித்து, பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றார். நாய்க்குக் காரில் இடம் இருந்தது. இத்தனை வருஷம் உழைத்தவனின் குடும்பம் என்ன ஆகும் என்று கேட்க அவருக்கு வாயில் இடமில்லை. சில நாளில் சைக்கிளில் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். ஆபீஸ் உப்புக் கிடங்கு ஆனது. ராஜரத்தினம் அரிசிக் கிடங்கில் மூட்டைகளைப் பார்க்கும் வேலைக்குப் போனார். அரிசி இருந்தவரைதான் அந்த வேலை. அரிசியெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட, ஊருக்கு மரவள்ளிக்கிழங்குதான் மிச்சம். சந்தியில் நிற்கும் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் போடாவிட்டால் அறை. சரியாகக் குனியாவிட்டாலும் அறை.

கமலவேணிக்கு ஒரு தம்பி உண்டு. பெயர் ஜெயபாலன். லாரி மெக்கானிக். அவர்கள் வீட்டிலேயே வளர்ந்தவன். எதற்கெடுத்தாலும் சிரிப்பவன். கிழங்கைத் தட்டில் போட்டால், “இன்னிக்கு என்ன விசேஷம், புதுசா கிழங்கு?” என்று கேட்பான். பக்கத்து ஊரான தம்பினில் பட்டாளத்து லாரிகள் கெட்டு நிற்கின்றன, சரிபண்ணிக் கொடுத்துவிட்டு மறுநாளே வந்துவிடலாம் என்று சொல்லி அவனைக் கூப்பிட்டார்கள். மலாக்கா ஸ்டேஷனில் ரயில் ஏறினான். கமலவேணி மரவள்ளி அடை கட்டிக் கொடுத்தாள். தம்பினில் லாரியும் இல்லை, ஒன்றுமில்லை. சாமான் ஏற்றும் வண்டியில் ஆட்களை அடைத்து வடக்கே கொண்டுபோனார்கள் என்ற செய்திதான் வந்தது. சயாமில் காட்டை வெட்டி ரயில் பாதை போடுகிறார்களாம். தோட்டங்களிலிருந்து, கூலி வீடுகளான லயம் லயமாகத் தமிழர்களை அள்ளிக்கொண்டு போகிறார்களாம். போனவர்களிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்களே நம்பவில்லை. மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போகும் ரயில் பாதையையே பெயர்க்கத் தொடங்கினார்கள். தண்டவாளம், கட்டை, ஆணி, எல்லாவற்றையும். அவையும் சயாமுக்கு என்றார்கள். ராஜரத்தினம் ஸ்டேஷன் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பாதை கிடந்த இடத்தில் ஜல்லிக்கல் மட்டும் நீளமாகக் கிடந்தது.

“என் தம்பியையும் கொண்டு போனான். அவன் திரும்பி வர்ற வழியையும் சுருட்டிக் கொண்டு போய்ட்டானா?” என்றாள் கமலவேணி.

இந்த நேரத்தில்தான் தம்பிராஜா வீடு தேடி வந்தான். சண்டைக்கு முன் துணிக்கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். ஜப்பான் பாஷையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டு, அதிகாரிகளுக்கு மொழிபெயர்த்துக் கொண்டிருந்தான். கையில் பட்டை, காலில் நல்ல சப்பாத்து. கெட்டவன் என்று சொல்ல முடியாது, பயந்தவன்.

“அண்ணே, ஒங்களுக்கு நல்ல காலம். கிளேபாங் பங்களாவுல இருக்காரே நகாதா துவான், ஒங்களக் கூப்பிடறாரு” என்றான்.

“நான் என்ன தப்பு பண்ணேன்?”

“தப்பெல்லாம் இல்லண்ணே. வந்து பாருங்க.”

கிளேபாங் கடற்கரையில் ஒரு துரை விட்டுவிட்டுப் போன பங்களா. நகாதா பட்டாளத்துக்காரர் இல்லை, நிர்வாக அதிகாரி; அவரைத் ‘துவான்’, அதாவது துரை, என்றுதான் கூப்பிட வேண்டும். சண்டைக்கு முன் வியாபார விஷயமாகக் கொஞ்ச நாள் ஜெர்மனியில் இருந்தவராம். துரைமார் கிளப்பில் கிடந்த ஒயின் போத்தல்கள் எல்லாம் அவர் வீட்டில் வரிசையாக நின்றன. மேசையில் ஐரோப்பாப் படம் விரித்திருந்தது. கையில் கண்ணாடிக் கிண்ணம். அவர் சொல்லச் சொல்லத் தம்பிராஜா தமிழில் சொன்னான்.

“அண்ணே, சீக்கிரமே சண்டையில ஜெயிச்சுடுவாங்களாம். ஜெர்மன்காரன் அந்தப் பக்கம், இவங்க இந்தப் பக்கம். ஜெயிச்சதும் துவான் ஐரோப்பாவுக்குச் சின்னதா ஒரு பயணம் போகப் போறாரு. பாரிஸ், பெர்லின், ரோம், பெரிய பெரிய ஊரெல்லாம் பாக்கணும். நடுவுல ஒயின் செய்யிற ஊரெல்லாம் போகணும். இந்த ஊர்ல நீங்கதான் அந்த வேலையில கெட்டிக்காரர்னு கேள்விப்பட்டாராம். நீங்க திட்டம் போட்டுக் குடுக்கணும்.”

ராஜரத்தினத்துக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. “எந்தத் துறைமுகத்துல கப்பல் ஏறுவாரு?” என்று பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

கேள்வியைக் கேட்டு நகாதா குஷியாகிவிட்டார். படத்தில் விரலை வைத்து இழுத்துக்கொண்டே போனார்.

“கப்பல் இல்லையாம் அண்ணே. ரயில்தானாம். மலாக்காவுல ஏறி, சயாம், பர்மா, இந்தியா, பெர்சியா, அப்படியே பெர்லின். சயாம் பாதை முடிஞ்சதும் மத்ததெல்லாம் தானா வந்துடுமாம்.”

அன்று அவர் வீட்டுக்கு நடந்து வந்த வழி அவருக்கே தெரியாது. வந்ததும் சட்டையைக் கழற்றி மூலையில் வீசினார்.

“ஊர்ல சனங்க கெழங்கத் தின்னு வயிறு ஊதிச் சாகுது. இவனுக்கு டூர் கேக்குது, டூர்! அதுவும் நம்ம பிள்ளைங்க எலும்ப வச்சுப் போடற பாதையில! நான் எழுதித் தரணுமாம். ஒரு எழுத்து எழுத மாட்டேன்.”

கமலவேணி எல்லாவற்றையும் கேட்டாள். ஆனால் அவள் மனம் வேறு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

“எழுதுங்க” என்றாள்.

“என்ன சொல்ற நீ?”

“எழுதிக் குடுங்க. குடுக்கும்போது, எங்க ஜெயபாலனத் திருப்பிக் குடுங்கன்னு கேளுங்க. இத விட்டா நமக்கு வேற என்ன புடி இருக்கு?”

அவர் எழுதினார். மனம் போகாத வேலையில் கைதான் போகும். மார்செய், லியோன், டிஜோன் என்று கை தானே எழுதிக்கொண்டு போனது. கிழங்கு சீவிக்கொண்டிருந்த கமலவேணி எட்டிப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

“டிஜோன் எதுக்கு இதுல வந்துச்சு?”

“ஒயின் ஊரு கேட்டான்ல. வழியில இருக்கு.”

“அது நம்ம வழி.”

“வேணி, நாம எங்கே போகப் போறோம்? வெறும் பேருதானே…”

“வெறும் பேருதான் நமக்குன்னு இருக்கு. அத ஒருதரம் அந்த வெள்ளைக்காரன் எடுத்துக் குடுத்தான், நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க. இப்ப நீங்களே எடுத்து இவனுக்குக் குடுக்கறீங்களா? உலகத்துல ஒயினு ஒரே ஊர்லதான் செய்யறானா? வேற எங்கேயாச்சும் போகச் சொல்லுங்க அந்த ஆள!”

ராஜரத்தினம் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார். புதிதாக எழுதினார். பெர்லினில் தொடங்கி, ரைன் ஆற்றங்கரைத் திராட்சை மலைகள், பிறகு பாரிஸ், அங்கிருந்து போர்டோ, கடைசியில் ரோம். லியோனிலும் டிஜோனிலும் இறங்கவே தேவையில்லாதபடி, தெற்கே சுற்றிக்கொண்டு போகும் ரயிலாகப் பார்த்துப் போட்டார். இடக்கையால் எழுதினாலும் இதைவிட நன்றாகச் செய்திருப்பார். நகாதாவுக்கு அது போதும்.

மறுபடி கிளேபாங். நகாதா நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். ரைன் கரையில் அறுவடைத் திருவிழா பார்க்கலாம் என்றபோது கையைத் தட்டினார். போர்டோவில் இன்னும் இரண்டு நாள் கூட்டு என்றார். முடிந்ததும், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

ராஜரத்தினம் கைகட்டி நின்று கேட்டார். “என் மச்சான் ஜெயபாலன். லாரி மெக்கானிக். ஒரே நாள் வேலைன்னு கூட்டிட்டுப் போனாங்க. சயாமில இருக்கான். அவனத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

தம்பிராஜா அதைச் சரியாகத்தான் சொன்னான். நகாதா கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, நீளமாக என்னவோ பேசினார்.

தம்பிராஜா தரையைப் பார்த்துச் சொன்னான். “அண்ணே, ஒங்க குடும்பம் ரொம்பப் பாக்கியம் பண்ணதாம். மச்சான் பாதை போடறாராம், நீங்க திட்டம் போடறீங்களாம். அவர் போட்ட பாதையிலதான் துவான் போகப் போறாராம். பெருமைப்படணும்னு சொல்றாரு.”

பல வருஷமாக நின்றுகொண்டே திட்டு வாங்கிய ராஜரத்தினம், தம் காதில் விழுந்ததை ஒருமுறை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தார். பெருமைப்பட வேண்டுமாம். அவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

“தம்பிராஜா, நான் சொல்றத அப்படியே சொல்லு. துவான் மலாக்காவுல ரயில் ஏறணும்னு சொன்னாரு. மலாக்காவுல ரயிலே இல்ல. இவங்க ஆளுங்கதான் தண்டவாளத்தப் பேத்து எடுத்துட்டுப் போனாங்க. பெர்லின் வேணாம், முதல்ல தம்பினுக்கு எப்படிப் போவாருன்னு கேளு. போற பாதையில செத்துக் கெடக்கறவங்க மேல வண்டி ஏத்தித்தான் போவாரான்னு கேளு.”

தம்பிராஜாவின் முகம் வெளுத்தது. நகாதாவைப் பார்த்தான். சிரித்த முகத்தோடு என்னவோ சொன்னான். நகாதா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு கிண்ணத்தில் ஒயின் ஊற்றி, ராஜரத்தினத்தின் கையில் கொடுத்து, முதுகில் தட்டினார்.

ராஜரத்தினத்துக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“என்னடா சொன்னே?”

“அண்ணே, பேசாம குடிங்க. கும்புட்டுக் கேக்கறேன்.”

“என்ன சொன்னேன்னு கேக்கறேன்.”

“துவான் மலாக்காவுல ரயில் ஏறும்போது, ஊரே மாலை போட்டு வழியனுப்புவோம்னு சொன்னேன்.” அவன் கண்ணில் நீர் முட்டியது. “ஒங்க உசுரு போயிடும்ணே…”

“என் வார்த்தையத் தின்னுட்டியேடா!”

வாழ்நாளில் ஒரே ஒருமுறை அவர் வாயைத் திறந்தார். அதையும் மாலையாகக் கட்டி எதிரியின் கழுத்தில் போட்டுவிட்டான் ஒருவன். அந்த ஆத்திரம் நகாதாவின் மேல் இருந்த ஆத்திரத்தைவிடப் பெரிதாக இருந்தது என்று பின்னாளில் அவரே சொல்வார். ஒயின் கிண்ணத்தை மேசைமேல், ஐரோப்பாப் படத்தின் நடுவில் வைத்தார். நகாதாவுக்குச் சந்தை மலாய் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நேராக அவர் முகத்தைப் பார்த்து மலாயில் சொன்னார்.

“துவான், மலாக்கா கெரெத்தா ஆப்பி சுடா தாடா. துவான் பூஞா ஓராங் சுடா ச்சாபுட்.”

மலாக்காவில் ரயில் இல்லை, உங்கள் ஆட்கள்தான் பிடுங்கிவிட்டார்கள் என்பதைச் சொல்ல அத்தனை மலாய் போதும். தம் விரலை அந்தப் படத்தில் சயாம் மேல் வைத்து, “சானா பாஞாக் ஓராங் மாத்தி” என்றார். அங்கே நிறையப் பேர் செத்துப் போனார்கள்.

நகாதாவின் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் அறை விழுந்தது. இடது காதில் விழுந்த அந்த அறையில் ராஜரத்தினம் போத்தல் வரிசைமேல் சாய்ந்தார். வாசலில் நின்ற சிப்பாய் உள்ளே வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொண்டான்.

தலையை வெட்டாமல் விட்டதற்கு நகாதாவின் வெட்கமே காரணமாக இருக்கலாம். ரயில் இல்லாத ஊரிலிருந்து ரயில் பயணம் போடச் சொன்ன கதை மேலதிகாரி காதுக்குப் போனால் அவருக்குத்தான் கேவலம். ஆகவே, அதிகாரி வீட்டு ஒயினைத் திருடிக் குடித்துவிட்டு மரியாதைக்குறைவாகப் பேசினான் என்று குற்றம் மாறியது. மறுநாள் காலையில் காலிப் போத்தல் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டு, காஜா பேராங் சாலைச் சந்தியில் அவரை நிறுத்தினார்கள். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய்.

சந்தைக்குப் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்தில் காய்ந்திருந்தது. வெயிலில் அவர் தள்ளாடியது குடித்தவர் தள்ளாடுவது போலவே இருந்தது. “நம்ம கப்பல் கிராணிதானே? இந்தப் பஞ்சத்துல ஒயின் கேட்டுச்சா இந்த ஆளுக்கு” என்று ஒருவர் முணுமுணுத்தார். தெரிந்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அடி வலித்ததைவிட அது வலித்தது. நான் குடிக்கவில்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. உதடு வீங்கி வாய் திறக்கவில்லை.

கமலவேணிக்குச் செய்தி போனது; பங்களாவில் நடந்ததைத் தம்பிராஜாவே போய்ச் சொல்லியிருந்தான். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். அழுவாள், சிப்பாயின் காலில் விழுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். சிப்பாய்க்கு முறைப்படி குனிந்து வணக்கம் போட்டாள். குறை சொல்ல இடமில்லாதபடி நன்றாகக் குனிந்தாள். பிறகு கணவனுக்குப் பக்கத்தில் போய், தோளோடு தோளாக நின்றாள். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவளைத் தள்ளினான். ஓரடி தள்ளி மறுபடி நின்றாள். வெயிலில் நிற்பதற்கு இன்னொரு முட்டாள் கிடைத்தால் எனக்கென்ன என்று அவனும் விட்டுவிட்டான்.

அப்புறம் அவள் பேசத் தொடங்கினாள். சாமியிடம் முறையிடும் பெண்கள் ராகம் போட்டுப் பேசுவார்களே, அந்த மாதிரி, சிப்பாய்க்கு ஒரு எழுத்தும் புரியாத தமிழில், சாலையில் போகிற ஒவ்வொருவருக்கும் சொன்னாள்.

“பாத்துட்டுப் போங்க சாமி! இவர் ஒரு சொட்டுக் குடிக்கல. கையில குடுத்ததையும் கீழ வச்சவரு. தண்டவாளம் எங்கேன்னு கேட்டாரு. சயாமுக்குக் கொண்டு போன எங்க பிள்ளை எங்கேன்னு கேட்டாரு. அதுக்கு நிக்கிறாரு. ஒங்க வீட்டுல யாரு போனாங்க? ஒங்களுக்காகவும் சேத்துத்தான் கேட்டாரு. தலையத் திருப்பாதீங்க. பாத்துட்டுப் போங்க!”

தலையைத் திருப்பிய சிலர் நின்றார்கள். புருஷனைச் சயாமுக்குக் கொடுத்த அஞ்சலை, பக்கத்துத் தோட்டத்துக்காரி, கிழங்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். கொஞ்சம் தள்ளிச் செட்டி கம்பத்து ஆட்கள் சிலர் நின்றார்கள். தலைமுறைகளுக்கு முன்பே மலாய்க்கு மாறிவிட்ட குடிகள், அவர்களுக்குத் தமிழ் தெரியாது. கமலவேணி மலாயில் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். கூட்டம் சேர்வதைக் கண்டு சிப்பாய் கத்தி விரட்டினான். கலைந்தவர்கள் சுற்றிக்கொண்டு மறுபடி அந்தப் பக்கமே வந்தார்கள். சாயங்காலம் வரை இது நடந்தது. அவள் குரல் கம்மிப் போனது, நிற்கவில்லை.

அன்று அந்தச் சந்தி வழியாக வராதவர்கள்தான் பிறகு ‘பாரிஸ்காரர்’ கதையைக் கட்டினார்கள்.

அதற்குப் பின் ஜப்பான்காரன் சரணடையும் காலம் வரை, ராஜரத்தினத்துக்குப் புக்கிட் கட்டில் ஊர்ப் பக்கம் கிழங்குக் காட்டில் கட்டாய வேலை. இடது காது போனது போனதுதான். நகாதா எங்கோ மாற்றலாகிப் போனார். ஜப்பான்காரன் தோற்று, ஊரில் யார் ராஜா என்று தெரியாத அந்தக் கொஞ்ச நாளில், காட்டில் ஒளிந்து ஜப்பான்காரனை எதிர்த்தவர்கள் வெளியே வந்து, அவனுக்கு வேலை செய்தவன் என்று தம்பிராஜாவைத் தேடினார்கள். அவன் ராஜரத்தினத்தின் வீட்டுக்கு வந்து கொல்லையில் நின்றான். தேடி வந்தவர்களுக்கு முன்னால் ராஜரத்தினம் போய் நின்றார்.

“இவன் என் பேச்ச மாத்திச் சொன்னான். என் உசுரக் காப்பாத்தத்தான் சொன்னான். அதுக்கு நான் இவன மன்னிக்கல, அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கிற விவகாரம். நீங்க கைய வைக்கக் கூடாது.”

வந்தவர்கள் போய்விட்டார்கள். தம்பிராஜா கையெடுத்துக் கும்பிட்டான். ராஜரத்தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அவனுக்குக் கெழங்கு போடு வேணி” என்றார்.

ஜெயபாலன் அடுத்த வருஷத் தொடக்கத்தில் லாரியில் வந்து இறங்கினான். இறக்கினார்கள் என்று சொல்ல வேண்டும். வலது காலை முழங்காலுக்கு மேலேயே எடுத்திருந்தார்கள். மூங்கில் கீறிய சின்னக் காயம் அழுகி, காலையே தின்றுவிட்டது. கமலவேணி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இங்கே நடந்ததையெல்லாம் கேட்ட அவன் சிரித்தான்.

“மச்சான், துவானுக்கு டிக்கெட் வாங்கிக் குடுத்தீங்களே, ரெண்டாம் வகுப்பா மொத வகுப்பா?”

“சிரிக்காதடா!” என்று கத்தினார் ராஜரத்தினம். “காலப் போட்டுட்டு வந்து நிக்கிறே. ஒனக்குக் கோவமே வரலியா?”

“வந்துச்சு மச்சான். அங்க கோவப்பட்டவன்லாம் மொதல்ல போனான்” என்றான் ஜெயபாலன். அதற்குமேல் அவன் சயாமைப் பற்றிப் பேசவில்லை.

அவனால் முடியாத கோபத்தையும் சேர்த்து ராஜரத்தினமே சுமந்தார். பழைய கம்பெனி மறுபடி திறந்து, வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியது. போக மாட்டேன் என்றார். துரைமார்களுக்கு இனி ஒரு ரயில்கூடப் பார்த்துச் சொல்ல முடியாது என்றார். ஜெயபாலன் ஒரு கொட்டகை போட்டு சைக்கிள், லாரி பழுது பார்த்தான். அங்கேயே இவரும் உட்கார்ந்து வருகிற ஆட்களோடு பேசி வேலை வாங்கிக் கொடுத்தார்.

சயாமுக்குப் போனவர்களுக்கு நஷ்டஈடு கொடுப்பதைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு வந்தது. ஜெயபாலனைக் கூட்டிக்கொண்டு அரசாங்க ஆபீஸுக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்த புது வெள்ளைக்கார அதிகாரி கேட்ட முதல் கேள்வி, இவர் தம் சொந்த விருப்பத்தின் பேரில் வேலைக்குப் போனாரா என்பது.

ராஜரத்தினம் வலது காதைத் திருப்பிக்கொண்டு, கேள்வியை மறுபடி சொல்லச் சொன்னார். சரியாகத்தான் கேட்டிருந்தது.

“லாரி ரிப்பேர்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க. ஒருநாள்னு சொன்னாங்க. அவன் காலு மட்டும் சொந்த விருப்பத்துல அங்கேயே தங்கிடுச்சுன்னு எழுதிக்குங்க!” என்றார் ஆங்கிலத்தில். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் போனார்கள். இந்தத் தடவை அஞ்சலையும் கூட வந்தாள். அவளுக்குப் பின்னால் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள் ஆபீஸ் வாசலிலிருந்து சாலைவரை நின்றார்கள். உள்ளே இடமில்லை, ஒவ்வொருவராக வாருங்கள் என்று பியூன் சொன்னான். ராஜரத்தினம் கதவை விட்டு நகரவில்லை. “எல்லாரும் ஒண்ணாத்தான் வருவோம். நாற்காலிய ஒதுக்குங்க” என்றார்.